திரைப்படச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். செயற்குழு ஆறு முறை கூடியது. குறும்படப் பயிற்சி முகாம் ஒன்றும் குழந்தைகளுக்கான திரையிடல் ஒன்றும் நடந்தன. நூலகத்துக்கு இரண்டு அலமாரிகள் வாங்கினோம். ஜூலைத் திரையிடல் மின்வெட்டால் பாதியில் நின்றது.

ஆண்டின் பெரிய வேலை இத்தாலிய நடிகர் மார்செல்லோ மாஸ்ட்ரோயானியின் பிறந்த நூற்றாண்டுக்கான திரையிடல் தொடர். யோசனை என்னுடையது. "ஒரே நடிகருக்கு ஐந்து மாதமா, அதுவும் இத்தாலிக்காரருக்கு?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

அவர் 1924 செப்டம்பரில் ஃபொந்தானா லிரி என்ற சிற்றூரில், ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். போர்க்காலத்தில் ஜெர்மானியர்களின் கட்டாய வேலையில் மாட்டி, தப்பி வெனிஸில் ஒளிந்திருந்தார். அப்புறம் ரோமில் ஒரு சினிமா நிறுவனத்தில் பகலில் கணக்கு எழுதும் வேலை, மாலையில் பல்கலைக்கழக நாடகம். ஆபீஸ் முடிந்து ஓடிவந்து ஒத்திகை பார்த்த அனுபவம் நம் உறுப்பினர்கள் பலருக்கும் உண்டு. 1948-இல் இயக்குநர் லுகினோ விஸ்கோந்தியின் நாடகக் குழுவில் சேர்ந்தார். 1960-இல் இயக்குநர் ஃபெலினியின் 'லா டோல்சே விட்டா' வந்தபோது உலகம் அவரைப் புதுமுகம் போலப் பார்த்தது. ஆனால் அதற்குள் அவர் பல வருடம் மேடையில் உழைத்திருந்தார்.

அந்தப் படத்துக்கு அரங்கு நிறைந்தது. ரோமின் ட்ரெவி நீரூற்றில் நடிகை அனிதா எக்பெர்க்கோடு அவர் நிற்கும் காட்சியைப் பார்க்கத்தான் பாதிப்பேர் வந்தார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தப் படத்தால் ஒட்டிக்கொண்ட 'காதல் மன்னன்' பட்டம் அவருக்கே பிடிக்காதது. அதே 1960-இல், 'இல் பெல் அந்தோனியோ'வில், மனைவியை நெருங்க முடியாமல் ஊர் வாயில் விழும் அழகனாக நடித்தார். மறு வருடமே 'டைவர்ஸ் இத்தாலியன் ஸ்டைல்' படத்தில் தலையில் எண்ணெய் மின்ன, வாயோரம் வெட்டி வெட்டி இழுக்கும் சிசிலிப் பிரபு. கையில் கிடைத்த பெயரை இப்படித் துணிந்து உடைத்துப்போட எத்தனை நட்சத்திரங்களால் முடியும்? இதற்காகத்தான் ஐந்து மாதம் கேட்டேன்.

'எ ஸ்பெஷல் டே' திரையிட்ட அன்று 19 பேர் வந்தார்கள். எத்தோரே ஸ்கோலா 1977-இல் எடுத்த படம். கதை 1938-இல், ஹிட்லர் ரோமுக்கு வந்திருந்த நாளில் நடக்கிறது. குடியிருப்பே ஊர்வலம் பார்க்கப் போய்விட, ஆறு பிள்ளைகளுக்குத் தாயாக வரும் நடிகை சோபியா லோரனின் மைனா கூண்டிலிருந்து பறந்துவிடுகிறது. அது போய் உட்கார்ந்த எதிர்வீட்டில்தான் மாஸ்ட்ரோயானி இருக்கிறார். தன்பால் ஈர்ப்பாளர் என்பதால் வேலை பறிக்கப்பட்ட வானொலி அறிவிப்பாளர். மொட்டைமாடியில் காயும் வெள்ளை விரிப்பை அவர் விளையாட்டாக அவள்மேல் போட்டுச் சுற்றுவார். கீழே முற்றத்தில் வானொலி ஊர்வலத்தை வர்ணித்துக்கொண்டே இருக்கும். அன்று அரங்கில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. அந்த நடிப்புக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. மொத்தம் மூன்று பரிந்துரை, ஒன்றும் கைக்கு வரவில்லை. பிரான்ஸின் கான் திரைப்பட விழாவோ 1970-லும் 1987-லும் சிறந்த நடிகர் விருது கொடுத்தது.

வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டிய 40 பேருக்கு அன்று நாற்காலி போட்டிருந்தோம். வராதவர்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆங்கிலத் துணைவரி வேகமாக ஓடுகிறது என்ற குறைக்காக, ஒவ்வொரு படத்துக்கும் நான்கு பக்கத் தமிழ்க் குறிப்பு நானே எழுதி அச்சிட்டேன். "தாளைப் படிச்சிட்டு உக்காந்தேன், படம் புரிஞ்சுது தம்பி" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். மீதித் தாள்கள் கட்டாக நூலகத்தில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கு: வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். இருப்பிலிருந்து எடுத்துச் சமாளித்தோம். தொடரால்தான் பற்றாக்குறை என்று பேச்சு இருக்கிறது. அது சரியல்ல. 92 உறுப்பினர்களில் 37 பேர்தான் சந்தா கட்டியிருக்கிறார்கள். எல்லாரும் கட்டியிருந்தால் அரங்க வாடகை போக மிச்சமே இருந்திருக்கும்.

அரங்கம் தந்தவர்களுக்கும், புரொஜக்டரைத் தோளில் சுமந்து வந்த இளைஞர்களுக்கும், தலைவர், பொருளாளர் இருவருக்கும் நன்றி.

மாஸ்ட்ரோயானி 1996 டிசம்பர் 19 அன்று பாரிஸில், கணையப் புற்றுநோயால், 72 வயதில் இறந்தார். ட்ரெவி நீரூற்றை நிறுத்திக் கறுப்புத் துணி போர்த்தி ரோம் அவருக்கு அஞ்சலி செலுத்தியது. நோயோடு இருந்த அந்தக் கடைசி வருடத்திலும் அவர் நடிப்பதை நிறுத்தவில்லை. போர்ச்சுகீசிய இயக்குநர் மனோயெல் தெ ஒலிவேராவுடன் செய்த அந்தக் கடைசிப் படத்தையும், 1987-இல் கான் விருது வாங்கித் தந்த 'டார்க் ஐஸ்' படத்தையும் நாம் இன்னும் திரையிடவில்லை. ஜூனில் இரண்டையும் போட அரங்கம் கேட்டு வைத்திருக்கிறேன். முன்பணம் மே 15-க்குள் கட்ட வேண்டும். பொருளாளர் இன்று ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே உட்கார்ந்திருப்பார்.

செயலாளர்