ஆபரேஷனுக்கு முன்பே தழும்பைப் பற்றிப் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்களுக்கு மார்பு பெருத்திருப்பதைச் சரிசெய்யும் ஆபரேஷன் (கைனகோமாஸ்டியா என்பார்கள் டாக்டர்கள்) இப்போது சென்னை, கோவை, மதுரை என்று எல்லா ஊரிலும் சகஜமாகிவிட்டது. செல்போனைத் திறந்தாலே விளம்பரம். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், தழும்பே தெரியாது என்கிறார்கள். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்பது பெரும்பாலும் சரிதான். ஆனால் கத்தி பட்ட இடத்தில் தழும்பு வராமல் எப்படி இருக்கும்? அது மெல்லிய கோடாக அடங்குமா, தடித்து வளருமா என்பதுதான் கேள்வி, அதைப் பற்றி ஆபரேஷனுக்கு முன் யாரும் நம்மிடம் வாய் திறப்பதில்லை. நோயாளியைத் தேடி விளம்பரம் செய்வதே தவறு என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன, அதையும் யாரும் கண்டுகொள்வதாகத் தெரியவில்லை.

எனக்குத் தடித்து வளர்ந்தது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் ஓரத்தில் பிறை வடிவில் வெட்டுவார்கள், தோலின் நிறம் மாறும் இடம் என்பதால் வெட்டு வெளியே தெரியாது என்பது கணக்கு. நிறைய பேருக்கு அப்படித்தான் ஆறுகிறது. எனக்கு முதலில் நன்றாகவே ஆறி, சில மாதம் கழித்து அந்தக் கோடு எழும்ப ஆரம்பித்தது, பிறகு பளபளவென்று ஊதா கலந்த கறுப்பில் வெட்டின எல்லையைத் தாண்டி நெஞ்சுப் பக்கம் இறங்கிவிட்டது. இது வெறும் அழகுப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் ஒரு சித்திரை மாதம் இதோடு இருந்து பார்க்க வேண்டும். வியர்வையில் பனியன் உரச உரச அரிக்கும், சொறிந்தால் சுருக்கென்று வலிக்கும், ராத்திரி குப்புறப் படுக்க முடியாது.

திருச்செந்தூர் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்தே நெஞ்சைத் துண்டால் மூடிக்கொண்டு வரிசையில் நின்றவன் நான், அந்தத் துண்டு இல்லாமல் ஒருமுறையாவது முருகனைப் பார்க்க வேண்டும் என்றுதான் பணம் சேர்த்து இந்த ஆபரேஷனுக்கே போனேன். அந்த ஆசையை யாரும் லேசாகப் பேச வேண்டாம்.

இப்போது என் கோபம் எதில் என்றால், ஆபரேஷனுக்கு முன்னால் சர்க்கரை இருக்கா, ரத்த அழுத்தம் இருக்கா, எந்த மாத்திரையாவது ஒத்துக்கொள்ளாதா என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். என் கையில் சின்ன வயதில் போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பே தடித்துத்தான் இருக்கிறது. அம்மாவுக்குக் காது குத்தின இடத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு வளர்ந்திருக்கிறது. இதை ஒருவரும் கேட்கவில்லை, சட்டையைக் கழற்றி உட்கார்ந்திருந்த என் கையைப் பார்த்தும் கேட்கவில்லை. கீலாய்டு என்கிற இந்தத் தழும்பு குடும்பத்தில் ஓடக்கூடியது, நம்மைப் போல் கருத்த தோலில் அதிகம் வருவது, பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் வருவதுதான் கூடுதல், காது மடல், தோள், நெஞ்சு இந்த இடங்களை அதற்கு ரொம்பப் பிடிக்கும். அப்படியிருக்க நெஞ்சில் கத்தி வைக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவல்லவா? கேட்டிருந்தால் நான் ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா தெரியாது, ஆனால் தையல் பிரித்த கையோடு தடுக்கும் வேலையை ஆரம்பித்திருக்கலாம்.

மறுபடி காட்டப் போனபோது, வேண்டுமானால் அதை வெட்டி எடுத்துவிடலாம் என்றார்கள். இதைப் படிக்கிற தம்பிகள் தயவுசெய்து இங்கே கவனியுங்கள். கீலாய்டை வெறுமனே வெட்டி எடுத்தால் பாதிப் பேருக்கு மேல் திரும்ப வரும், சிலருக்கு முன்னைவிடப் பெரிதாக வரும். வெட்டுவது என்றால் கூடவே ஊசியோ கதிர்வீச்சோ இருக்க வேண்டும். அப்புறம், எல்லாத் தடிப்பும் கீலாய்டு இல்லை. வெட்டின கோட்டுக்குள்ளேயே தடித்து நிற்கிற தழும்பு ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் தானாகவே ஓரளவு அமுங்கலாம், அதற்காகப் பதற வேண்டாம். எது எது என்று தோல் மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு ஓரளவு கைகொடுத்தது ட்ரையம்சினலோன் என்கிற ஸ்டீராய்டு ஊசியும், தழும்பின் மேல் ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் ஷீட்டும். ஊசியைத் தழும்புக்குள்ளேயே நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை போடுவார்கள், வலிக்கும், முன்னால் ஐஸ் வைத்துக்கொண்டால் கொஞ்சம் பரவாயில்லை. சுற்றியுள்ள தோல் வெளுக்கலாம், குழி விழலாம், அதையும் கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும். சிலிக்கான் ஷீட் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் மாதக்கணக்கில் ஒட்டியிருக்க வேண்டும். நம் ஊர் வியர்வைக்கு அது மதியத்துக்குள் கழன்றுவிடும், ஷீட்டையும் நெஞ்சையும் கழுவி நன்றாகத் துடைத்துக் காயவிட்டு மறுபடி ஒட்ட வேண்டியதுதான். அரிப்பு நின்றுவிட்டது, மேடு பாதி இறங்கிவிட்டது, நிறம் மட்டும் அப்படியே இருக்கிறது. மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தானாகத் தடவிக்கொள்வதும், சுண்ணாம்பு வைப்பதும் வேண்டவே வேண்டாம், இருக்கிற தோலையும் அது கெடுத்துவிடும்.

2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியபோது இதெல்லாம் ஆடம்பரம் என்று பலர் பேசினார்கள். ஆடம்பரம் என்கிற அந்த எண்ணம்தான் எங்களைப் போன்றவர்களின் வாயை அடைக்கிறது. தழும்பு வந்துவிட்டது என்று சொன்னால், யார் உன்னைச் செய்துகொள்ளச் சொன்னது என்கிறார்கள் வீட்டிலேயே.

தனியார், அரசு எதுவானாலும் சம்மதப் படிவத்திலேயே தழும்பு தடிக்கும் வழக்கம் உண்டா என்ற கேள்வி அச்சாகி இருக்க வேண்டும், ஒரு வருஷம் வரை தழும்பைப் பார்ப்பதும் பேசிய கட்டணத்துக்குள்ளேயே வர வேண்டும். சுகாதாரத் துறை இதற்கு ஓர் உத்தரவு போட்டால் போதும். உங்கள் மருத்துவப் பக்கத்தில் தோல் மருத்துவர் ஒருவரை வைத்து வாசகர்களின் தழும்புக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வைத்தால், பெயர் போடாமல் கேட்க நிறைய பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருநெல்வேலி