சிறுபிள்ளைகளுக்குப் பழக்கியவர் என்றால் குறைவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், மொன்றியல் கனேடியன்ஸ் ஐஸ் ஹொக்கி அணியைப் பற்றிய கட்டுரையில், "நேற்றுவரை சிறுபிள்ளைகளுக்கு ஹொக்கி பழக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் அணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்" என்று ஒரு வரி வந்திருந்தது. இரண்டு நாளாக அதை மறக்கப் பார்த்தேன், முடியவில்லை. உங்கள் பத்திரிகையை முதல் இதழிலிருந்து வாசித்துவருகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பயிற்றுநரின் பெயர். நீங்கள் போட்டதுபோல 'செயின்ட் லூயிஸ்' இல்லை, மார்ட்டின் சென் லூயி. பக்கத்து லவாலில் பிறந்த பிரெஞ்சு வீட்டுப் பிள்ளை. இங்கே பள்ளிக்கூடங்களில் நம்முடைய பிள்ளைகளின் பெயரைக் கடித்துக் குதறும்போது நமக்கு எவ்வளவு நோகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த நோவு தெரிந்தவர்கள் இன்னொருவர் பெயரில் கவனமாக இருக்க வேண்டாமா?

அவர் உயரம் 5 அடி 8 அங்குலம். வெர்மொன்ட் பல்கலைக்கழகத்துக்காக அவ்வளவு புள்ளிகள் எடுத்தும், வட அமெரிக்காவின் பெரிய ஹொக்கி லீக்கான என்.எச்.எல். இளம் வீரர்களை எடுக்கும் தெரிவில் ஒரு அணியும் அவர் பெயரைச் சொல்லவில்லை. பிறகு சேர்த்துக்கொண்ட கல்கரி அணியும் 2000 இல் விட்டுவிட்டது. அந்த வருடம் கொலம்பஸ், மினசோட்டா என்று இரண்டு புதிய அணிகள், மற்றவர்கள் காப்பாற்றி வைக்காத வீரர்களிலிருந்துதான் ஆட்களை எடுத்தன. அவர்களும் இவரைத் தொடவில்லை. கடைசியில் தம்பா பே அணி கூப்பிட்டது. நான்கு வருடம் கழித்து, லீக்கின் சாம்பியனுக்கான ஸ்ரான்லி கிண்ண இறுதித் தொடர். எதிரே அதே கல்கரி, மூன்றுக்கு இரண்டு என்று முன்னுக்கு நிற்கிறது. ஆறாவது ஆட்டம் கல்கரியில், கூட்டம் முழுக்க அவர்களுடையது. இரண்டாவது மேலதிக நேரம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கோல் போட்டவர் சென் லூயி! அடுத்த ஆட்டத்தில் கிண்ணம் தம்பாவுக்கு. அதே வருடம் லீக்கின் மிகச்சிறந்த வீரருக்கான ஹார்ட் விருதும், அதிகப் புள்ளி எடுத்தவருக்கான ஆர்ட் ராஸ் விருதும். 2013 இல், 37 வயதில், மறுபடியும் ஆர்ட் ராஸ். இதில் ஒன்றையாவது உங்கள் கட்டுரையில் தேடினேன்.

2014 மே மாதம், பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் பிளேஓஃப் சுற்றின் நடுவில் அவருடைய தாயார் திடீரென்று இறந்தார். அடுத்த நாள் நியூயோர்க் ரேஞ்சர்ஸுக்காக இறங்கினார். அன்னையர் தினத்தன்று கோல் போட்டார். என் அம்மா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது என்னால் போகமுடியவில்லை. அடுத்த நாள் காலை வேலைக்குப் போய் நின்றேன். அந்தக் கோலை நான் எப்படிப் பார்த்திருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். 2022 பெப்ரவரியில் அவர் பயிற்றுநராக வரும்போது கனேடியன்ஸ் 45 ஆட்டத்தில் வென்றது 8. அதற்கு முன் கனெக்டிகட்டில் தன் மகன்மாரின் அணிகளைப் பழக்கினார் என்பது உண்மைதான். கொலம்பஸ் அணிக்கு ஆலோசகராக இருந்ததை நீங்கள் விட்டுவிட்டீர்கள். கனேடியன்ஸின் இளம் வீரர் கோல் கோஃபீல்டைப் பாருங்கள். அவரும் கட்டையானவர்தான். அந்தப் பருவத்தில் சென் லூயி வருவதற்கு முன் 30 ஆட்டத்தில் ஒரே ஒரு கோல். வந்த பிறகு 37 ஆட்டத்தில் 22. பையன் அதே பையன், ஐஸும் அதே ஐஸ். அந்தப் பருவம் அணி கடைசியாகத்தான் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் 2025 ஏப்ரலில் அதே அணி பிளேஓஃப் போனது. சிறந்த பயிற்றுநருக்கான ஜாக் ஆடம்ஸ் விருதின் இறுதி மூவரில் அவரும் ஒருவர்.

சிறுபிள்ளைகளுக்குப் பழக்குவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் மகனுக்கு 11 வயதாக இருந்தபோது ஒரு கழகத்தின் தெரிவுக்குக் கூட்டிப்போனேன். "கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் சின்னன்" என்று சொல்லி அனுப்பினார்கள். வீடு வரும்வரை காரில் அவன் கையுறையைக் கழற்றவில்லை. பிறகு எங்கள் பக்கத்து அரீனாவில் ஒருவர் அவனைச் சேர்த்துக்கொண்டார். ஓய்வுபெற்ற பேருந்து சாரதி, சம்பளம் கிடையாது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே நிற்பார். பிள்ளைகளோடு கதைக்கும்போது ஐஸில் முழங்காலில் இருந்து, அவர்கள் கண்ணுக்கு நேரே பார்த்துத்தான் கதைப்பார். குளிரில் மார்க்கர் எழுதாது. அதை உள்ளங்கையில் வைத்து ஊதி ஊதிச் சூடாக்கி, பலகையில் கோடு கீறி, "நீ ஏன் அங்கே போகவேண்டும்?" என்று கேட்பார். பிள்ளை யோசித்துப் பதில் சொல்லும்வரை காத்திருப்பார். சென் லூயியைப் பற்றி அவருடைய வீரர்கள் சொல்வதும் இதைப் போலத்தான் இருக்கிறது. இப்படி ஓடு என்று மட்டும் சொல்லாமல், ஏன் என்று விளங்கப்படுத்துகிறார். இதை எங்கே பழகியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் எங்கள் பிள்ளைகள் ஒரு சுற்றுப்போட்டியில் வென்றபோது படமும் செய்தியும் அனுப்பினேன். அணியில் நான்கு தமிழ்ப் பிள்ளைகள். அது வரவேயில்லை, ஏன் என்று ஒரு பதிலும் இல்லை. அந்த வாரம் கிரிக்கெட்டுக்கு முழுப் பக்கம் இருந்தது. கிரிக்கெட் எனக்கும் விருப்பம்தான். ஆனால் நம் பிள்ளைகள் வளர்வது இந்த ஐஸில். ஸ்கேட்ஸின் ஈர நாடாவை விறைத்த விரலால் இழுத்துக் கட்டிவிடுகிற அப்பா அம்மாமாரில் நூறு பேராவது உங்கள் வாசகர்களாக இருப்பார்கள்.

நான் கேட்பது இரண்டுதான். அடுத்த இதழில் அவருடைய பெயரைத் திருத்திப் போடுங்கள். அப்புறம், குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை அரீனாக்களில் ஆடும் நம் பிள்ளைகளுக்குக் கால் பக்கம் தாருங்கள். செய்தியை நான் எழுதித் தருகிறேன், படமும் எடுத்து அனுப்புகிறேன். பிள்ளைகளின் பெயர்களை மட்டும் எழுத்துப் பிழை இல்லாமல் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகன்,
கோட்-டெ-நெஜ், மொன்றியல்