பேர் போட முடியவில்லை என்றால் என்னவென்று கற்பியுங்கள்

உளவளத்துணை (கவுன்சலிங்) பயிற்சிநெறியை நடத்தும் மதிப்பிற்குரிய விரிவுரையாளர்களுக்கு,

வணக்கம். கடந்த மாதம் தங்கள் மாணவர்கள் களப்பயிற்சிக்காக எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது, தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்களுக்கு, அவர்களை லயம் லயமாக அழைத்துச் சென்ற பாடசாலை ஆசிரியன் நான். வந்தவர்கள் பண்பான பிள்ளைகள்; அவர்கள்மீது எனக்கு வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் அவர்களைத் தயார்செய்து அனுப்பியவர்கள்மீதுதான்.

கணவனை இழந்து ஓராண்டுகூட நிறையாத ஒரு தாயிடம், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவி ஒருவர் வினாக்கொத்தை விரித்துவைத்து உரையாடினார். தூக்கம் எப்படி, பசி எப்படி என்ற கேள்விகளுக்கெல்லாம் "இருக்கேம்மா" என்று மட்டும் சொல்லிவந்தவர், கடைசியில், "இப்பல்லாம் பேரு போட முடியலம்மா, அரைப்பேருதான் விழுது" என்றார். மாணவி எழுதிக்கொண்டார். பிறகு சரிபார்த்துத் தருமாறு என்னிடம் நீட்டிய தாளில், "பெயர் எழுதத் தெரியாது, எழுத்தறிவு இல்லை" என்று இருந்தது. அதற்கு அரைமணி நேரம் முன்புதான், அதே மாணவி நீட்டிய சம்மதப் படிவத்தில் அந்தத் தாய் உருண்டை எழுத்தில் தம் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார்.

நிர்ணயித்த கிலோ கொழுந்தை எடுத்தால்தான் அன்றைக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழும், குறைந்தால் அரைப்பேர் என்பது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்தை மிதித்த எவருக்கும் தெரியும். இருபது வருடமாக முழுப்பேர் போட்ட கை ஓய்ந்துபோயிற்று என்றுதான் அவர் தம் துக்கத்தைச் சொன்னார். உரையாடல் நடந்ததோ லயத்தின் முன்திண்ணையான இஸ்தோப்பில். மாமியார் ஒரு பக்கம், பக்கத்துக் காம்பரா (அறை) பிள்ளைகள் மறுபக்கம். படிவத்தின் முதல் வரி, சொல்வதெல்லாம் இரகசியமாகக் காக்கப்படும் என்பது.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மாணவர்களைத் தாளோடு அனுப்புவதற்கு முன், ஒரு வாரமாவது தோட்டத்தில் தங்கிப் பழக வையுங்கள். இது என் கண்டுபிடிப்பன்று. உளவளத்துணையாளர் முதலில் தம்முடைய முற்சாய்வுகளை அறியவேண்டும், பிறகு எதிரில் இருப்பவரின் உலகத்தை அறியவேண்டும், அதன் பின்னரே அவருக்குப் பொருந்தும் வழியைத் தேடவேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் டெரல்ட் விங் சூவும் அவருடைய சகாக்களும் 1992இலேயே எழுதிவிட்டார்கள். தாங்களும் அதைக் கற்பிப்பதாகவே மாணவர்கள் சொன்னார்கள். அதே பாடத்தில் பெருந்தோட்டச் சமூகத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருப்பதாகவும், அதில் பாதி மதுப்பழக்கம் பற்றியது என்றும் சொன்னார்கள். மீதிப் பாதியில் தேயிலைச் செடியின் படம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

1948இல் இலங்கையில் எங்கள் குடியுரிமையைப் பறித்தவர்கள் எங்களிடம் கேட்கவில்லை. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையும் இந்தியாவும் எங்களைத் தலை எண்ணிப் பங்கிட்டபோதும் எவரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன அக்காளை நினைத்து இன்றும் அழும் கிழவிகள் எங்கள் லயத்தில் இருக்கிறார்கள். அந்த அழுகைக்குத் தங்கள் வினாக்கொத்தில் கட்டம் இல்லை. 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவால் லயங்கள் மண்ணுக்குள் போனதைச் செய்தியில் பார்த்த பிள்ளைகள், மழை இரவுகளில் ஏன் தூங்குவதில்லை என்று கேட்பதற்கும் கட்டம் இல்லை.

எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். அடுத்த அணியை அனுப்புவதற்கு முன் ஒரு வாரம் தாருங்கள் என்றுதான் பணிவுடன் கேட்கிறேன். தங்குவதற்குப் பாடசாலை மண்டபத்தை ஒழுங்குசெய்ய முயல்கிறேன். காலையில் பிரட்டிலும் மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் அவர்கள் சும்மா நின்று கேட்டாலே போதும். தோட்டத்துப் பேச்சைச் சொல்லிக்கொடுக்க ஓய்வுபெற்ற பெண்கள் இருவர் சம்மதித்திருக்கிறார்கள். விரிவுரையாளருக்குரிய கொடுப்பனவை அவர்களுக்கும் வழங்குவீர்கள் என நம்புகிறேன்.

அதற்கு முன்பாக, அந்தத் தாயின் கோப்பில் எழுத்தறிவு இல்லை என்று இருக்கும் அந்த ஒரு வரியைத் திருத்திவிடுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியன்