அம்மாவின் படத்துக்குக் கீழே ஒரு பேர்

இலங்கை மலையகத்தை வரைகிற ஓவியர்களுக்கும், படமெடுக்கிற புகைப்படக் கலைஞர்களுக்கும், அவற்றைக் காட்சிக்கு வைப்பவர்களுக்கும்,

வணக்கம்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள் நான். இப்போது ஆசிரியையாக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். சுவரில் ஆளுயரப் படமொன்றில் என் அம்மா நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் கூடைக் கயிறு, இடுப்பில் சுற்றிய படங்குத் துணி, கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த சுட்டுவிரல். கீழே 'கொழுந்து பறிக்கும் பெண்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் படமெடுத்தவரின் பெயர் இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மாவுக்கு அந்த நாள் அப்படியே ஞாபகம் இருந்தது. இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு என்று வெகுநேரம் நிற்க வைத்தார்களாம். பின்னேரம் மடுவத்தில் கொழுந்தை நிறுத்தபோது நிறை குறைந்திருந்தது. அரைப் பேர்தான் விழுந்தது. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தைப் 'பேர்' என்றுதான் சொல்வோம். குறைந்தால் அரைப் பேர். அன்று அம்மாவுக்குச் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பாதிப் பேராவது இருந்தது. கண்காட்சிச் சுவரில் அதுவும் இல்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பெர்னாந்த் ஒலிவியேயைப் பற்றி உங்களிடம் பேச வருகிறேன்.

1881 இல் பரிஸில் பிறந்தவர் அவர். இயற்பெயர் அமெலி லாங். அடித்துத் துன்புறுத்திய கணவனிடமிருந்து தப்பி வந்து, ஓவியர்களுக்கு மாதிரியாக உட்கார்ந்து பிழைத்தார். 1904 இல் மழை கொட்டிய ஒரு நாள், மொன்மார்த்ரில் தான் குடியிருந்த கட்டடத்துக்குள் ஓடி வந்தபோது, கையில் பூனைக்குட்டியோடு ஓர் இளைஞன் வழியை மறித்துக்கொண்டு அதை அவரிடம் நீட்டினான். அந்த இளைஞன் பிக்காசோ. 1912 வரை இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். நவீன ஓவியத்தின் போக்கை மாற்றிய ஆண்டுகள் அவை. அவர் முகத்தை வைத்துப் பிக்காசோ வரைந்தவையும் வார்த்தவையும் ஏராளம்.

அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பெர்னாந்த் எழுதியிருப்பதைப் படித்தபோது எங்கள் தோட்டத்து வரிசை வீடான லயம்தான் கண்முன் வந்தது. பலகைத் தடுப்புகள், அத்தனை குடிகளுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். எங்களுக்கு ஒரே பீலி இருந்ததைப் போல. குளிர்காலத்தில், இரவு கோப்பையில் மிஞ்சிய தேநீர் விடியும்போது உறைந்து கிடக்குமாம். பொறாமையால் பிக்காசோ அவரை வெளியே போகவிடாமல் அடைத்து வைத்ததையும் எழுதுகிறார். தேநீரும் புத்தகங்களும் சாய்ந்துகொள்ள ஒரு திவான் மெத்தையும் இருந்ததால் அப்போதும் தான் சந்தோஷமாகவே இருந்ததாக அதே மூச்சில் சொல்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஓவியத்தில் இருப்பவள் இதைச் சொல்லவே மாட்டாள். எழுதியவள்தான் சொன்னாள்.

1909 கோடையில் ஸ்பெயினின் ஓர்தா கிராமத்தில் பிக்காசோ அவர் முகத்தைக் கோணங்களாக உடைத்து உடைத்து வரைந்தார். கியூபிசம் என்ற அந்த ஓவிய முறையைப் பற்றிய நூல்கள் அந்தப் படங்களைக் கொண்டாடுகின்றன. அதே கோடையில் பெர்னாந்த் நோயில் படுத்திருந்தார். தோழிக்கு அதைக் கடிதங்களில் எழுதினார். அந்தக் கடிதங்கள் இல்லாவிட்டால் அந்தக் கோடை முழுக்க ஓவியனுடையதாகவே போயிருக்கும்.

பிரிந்த பிறகு அவருக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. பழம்பொருள் கடையில் விற்பனை, இறைச்சிக் கடையில் காசாளர் என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். 1930 இல் தன் நினைவுகளைப் பத்திரிகையில் தொடராக எழுதத் தொடங்கியதும், பிக்காசோவின் வழக்கறிஞர்கள் நிறுத்தப் பார்த்தார்கள். ஆனாலும் 1933 இல் 'பிக்காசோவும் அவருடைய நண்பர்களும்' நூலாக வந்தது. அவர் 1966 இல் இறந்தார். அந்தரங்கமாக எழுதி வைத்திருந்தவை 1988 இல்தான் அச்சேறின. வரையப்பட்டவள் வாயைத் திறந்தால் வரைந்தவர்களுக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று நீங்கள் யோசிக்க வேண்டும்.

பரிஸ் எங்கே, மலையகம் எங்கே என்று கேட்பீர்கள். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத் தோட்டத்துக்கு வாருங்கள். புகைப்படக் கலையின் முன்னோடி ஜூலியா மார்கரெட் கமரூனின் கல்லறை அங்கே இருக்கிறது. 1879 இல் இந்தப் பகுதியில்தான் இறந்தார். அவரும் தன் கலை வாழ்வைப் பற்றி ஒரு நினைவுக்குறிப்பு எழுதினார், முடிக்காமலே விட்டார். இங்கிலாந்தில் எடுத்த ஒரு சிறுமியின் படத்தை 'ஆனி, என் முதல் வெற்றி' என்றார். இலங்கைக்கு வந்து எடுத்த ஒரு படத்தின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர் குழு'. அங்கே ஆனி, இங்கே குழு.

1877 இல் களுத்துறையில் அவரைப் பார்க்கப் போன ஓவியர் மரியான் நோர்த்தும் தன் நினைவு நூலில் ஒன்றைச் சொல்கிறார். மாதிரியாக நின்ற ஒருவனின் முதுகு கமரூனுக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். தோட்டமே இல்லாத வீட்டில் அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளச் சொல்லி மகனிடம் பிடிவாதம் பிடித்தாராம். முதுகைப் பற்றி இரண்டு கலைஞர்கள் பேசினார்கள். அந்த முதுகுக்கு உரியவன் என்ன நினைத்தான் என்று கேட்டு எழுத ஒருவர் இல்லை.

இன்று உங்களில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். தேயிலைச் சாயத்தால் வரைகிறீர்கள், லயத்துக் கதவையும் கூடையையும் கண்காட்சிக் கூடத்துக்குக் கொண்டுவருகிறீர்கள். உங்களைப் பார்த்துப் பெருமைப்படுகிறேன். அந்த உரிமையில்தான் கேட்கிறேன். படத்தில் இருப்பவரின் பெயரை, அவர் சம்மதித்தால், உங்கள் பெயரின் அளவிலேயே போடுங்கள். அவர் நின்ற நேரத்துக்குரிய கூலியைக் கொடுங்கள். அந்த நாளைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டு, ஒரு பக்கமாவது அவர் பேச்சிலேயே எழுதிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். உங்களுக்குப் பிடிக்காததைச் சொன்னாலும் வெட்டாதீர்கள். 'அவர் ஒரு குறியீடு, தனி ஆள் அல்ல' என்று ஒருவர் என்னிடம் விளக்கினார். குறியீட்டுக்கு அரைப் பேர் விழாது ஐயா, ஆளுக்குத்தான் விழும்.

போன மாதம் அம்மாவை உட்கார வைத்து அவர் சொல்லச் சொல்ல எழுத ஆரம்பித்தேன். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் என்னை விட்டுவிட்டு மலைக்கு ஏறிய காலையில் தொடங்கினார். இதுவரை பதினோரு பக்கம் வந்திருக்கிறது. உங்கள் அடுத்த கண்காட்சிக்கு அதைக் கொண்டுவருகிறேன். சுவரில் இடம் ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
கொழுந்தெடுத்தவரின் மகள்,
பொகவந்தலாவை