டக்ஸ்ஃபோர்ட் விமானக் கண்காட்சி: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

எமது தமிழ்ப் பாடசாலையின் மேற்பிரிவு மாணவர்களை, வரும் செப்டெம்பர் மாதம் கேம்பிரிட்ஜ்சயரில் உள்ள டக்ஸ்ஃபோர்ட் விமானத்தளத்தில் நடைபெறவிருக்கும் பிரித்தானியச் சமர் விமானக் கண்காட்சிக்கு அழைத்துச் செல்லத் தீர்மானித்துள்ளோம் என்பதை முன்னரே அறிவித்திருந்தோம். கண்காட்சி சனி, ஞாயிறு ஆகிய இரு நாட்களும் நடைபெறும். சனிக்கிழமை வகுப்புகளைக் குழப்ப விரும்பாததால் ஞாயிற்றுக்கிழமையைத் தெரிவுசெய்தோம். திகதி, பேருந்து புறப்படும் நேரம், கட்டணம் ஆகிய விபரங்கள் இத்துடன் இணைத்துள்ள படிவத்தில் உள்ளன. இக்கடிதத்தை எழுதக் காரணம் வேறு. அறிவித்தல் வெளிவந்த பின்னர் பெற்றோர் சிலர் நேரிலும் தொலைபேசியிலும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: போர் விமானங்களை வேடிக்கை பார்க்க எங்கள் பிள்ளைகளை ஏன் கூட்டிச் செல்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. எமது பாடசாலைப் பெற்றோரில் பலர் வடக்கிலும் கிழக்கிலும் வன்னியிலும் குண்டுவீச்சுக்கு நடுவே வளர்ந்தவர்கள். சத்தத்தைக் கேட்டே வருவது ஹெலியா, பொம்மரா, சகடையா, கிபிரா என்று பிரித்தறிந்து, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துப் பங்கருக்குள் ஓடிய தலைமுறை அது. 1995ஆம் ஆண்டு யூலை 9ஆம் திகதி, இடம்பெயர்ந்து வந்து நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நினைவில் வைத்திருப்பவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். அத்தகையோரிடம் சென்று, "விமானக் கண்காட்சி, நல்ல பொழுதுபோக்கு, பிள்ளையை அனுப்புங்கள்" என்று கேட்பது முறையன்று. ஆகவே அங்கு என்ன இருக்கிறது, பிள்ளைகள் அதை எப்படிப் பார்க்க வேண்டுமென்று நாம் கருதுகிறோம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். அதன் பின்னர் தீர்மானம் உங்களுடையது.

டக்ஸ்ஃபோர்ட், முதலாம் உலகப் போரின் இறுதிக்கட்டத்தில் அமைக்கப்பட்ட விமானத்தளம். 1938 ஓகஸ்டில் ஸ்பிட்ஃபயர் என்னும் போர் விமானம் முதன்முதலாகப் படைச் சேவைக்கு வந்துசேர்ந்த இடமும் இதுவே. 1940 கோடையில், ஜேர்மனியின் படையெடுப்பை வானிலேயே தடுக்க முயன்ற பிரித்தானியச் சமரின் மாதங்களில், பிரித்தானியருடன் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து தப்பிவந்த விமானிகளும் இங்கிருந்தே பறந்தார்கள். நாடிழந்து அகதியாக வந்தவர்கள் இன்னொரு நாட்டின் வானத்தைக் காத்த கதை அது. எமது பிள்ளைகள் ஆங்கிலப் பாடசாலையில் படிக்கும் வரலாற்றில் அதற்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. 1943இல் இத்தளம் அமெரிக்க விமானப்படையிடம் கையளிக்கப்பட்டது. 1961இல் பிரித்தானிய விமானப்படை இதனைக் கைவிட்டது. இன்று இது இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் உள்ளது. முதலாம் உலகப் போர்க்காலக் கொட்டகைகள் சில இன்றும் நிற்கின்றன. இன்று இல்லாத ஒன்றை எதிரி எவரும் தகர்க்கவில்லை. 1968இல் ஒரு திரைப்படப் படப்பிடிப்புக்காக அதனைப் படக்குழுவினரே வெடிவைத்துத் தகர்த்தார்கள் என்பதை மாணவர்கள் நிச்சயம் ரசிப்பார்கள்.

எம்மவர் பலருக்குத் தெரியாத ஒரு தொடர்பையும் இங்கு குறிப்பிட வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்டிருந்த நாடுகளில் போர்நிதி திரட்டப்பட்டது. பெருந்தொகை வழங்கிய பகுதிகளின் பெயர்கள் விமானப்படை அணிகளுக்குச் சூட்டப்பட்டன. அவ்வாறு சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கிய அணிகளுள் ஒன்றான 264ஆவது அணி, 1940 மே மாதத்தில் டக்ஸ்ஃபோர்டுக்கு வந்து, பிரான்சின் டன்கர்க் கரையில் சிக்கிய நேசநாட்டுப் படையினரைக் கப்பல்களில் மீட்டபோது வானில் போரிட்டது. அவர்கள் ஓட்டியது டிஃபையன்ற் என்னும் விமானம். முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி எதுவுமே இல்லாமல், விமானிக்குப் பின்னாலுள்ள சுழல்கூண்டில் மட்டும் நான்கு துப்பாக்கிகளைக் கொண்டிருந்த அது, எதிரி அந்தக் குறையைக் கண்டுபிடிக்கும் வரைதான் தாக்குப்பிடித்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் இறுதியில் பேரிழப்புகளைச் சந்தித்த பின்னர் அதனைப் பகற்போரிலிருந்து விலக்கி இரவுநேரப் பணிக்கு அனுப்பினார்கள்.

இலங்கையின் பெயரும் அவ்வாறே ஓர் அணிக்கு இருந்தது. சிலோன் என்ற பெயரைத் தாங்கிய 102ஆவது அணி, யோர்க்சயரில் இருந்து ஹலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களில் ஜேர்மன் நகரங்களை நோக்கி இரவிரவாகப் பறந்தது. எமது ஊர்களில் திரட்டிய பணம் எங்கோ ஒரு நகரத்தின் மீது குண்டாக விழுந்தது என்பதை வயதுவந்த மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்றே நான் எண்ணுகிறேன். குண்டுக்குக் கீழே இருந்தவர்களாக மட்டுமே எம்மை நாம் அறிந்திருக்கிறோம். இந்த மறுபக்கம் உவப்பானதன்று. ஆனாலும் அது நடந்தது.

கண்காட்சியில் எந்தெந்த விமானங்கள் பறக்கும் என்பதை அன்றைய காற்றும் மழையும்தான் தீர்மானிக்கும். ஆயினும் ஸ்பிட்ஃபயர்களும் ஹரிக்கேன்களும் அனேகமாக இருக்கும். ஸ்பிட்ஃபயர் புறப்படும் வேளையில் மைதானத்தின் முன்வரிசையில் நிற்கக் கிடைத்தால் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய சில விடயங்கள் உண்டு. இயந்திரத்தைக் கிளப்பும்போது சுழலி ஓரிரு சுற்று தயங்கிச் சுழன்று, பின்னர் பக்கத்துக்கு ஆறாக வரிசையாயுள்ள புகைபோக்கிகளில் இருந்து புகை குப்பென்று வெளிவந்த பிறகே ஒலி சீராகும். மூக்கு நீண்டு மேல்நோக்கி நிமிர்ந்திருப்பதால் தரையில் ஓடும்போது விமானிக்கு எதிரே இருப்பது தெரியாது. அதனால் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்தபடியே புற்றரைக்குச் செல்வார். தொடக்ககால ஸ்பிட்ஃபயரின் இறக்கைகளில் எட்டுத் துப்பாக்கிகள் இருந்தன. அவற்றைத் தொடர்ந்து இயக்கினால் ஏறத்தாழ 15 வினாடிகளில் ரவைகள் அனைத்தும் தீர்ந்துவிடும். அந்த 15 வினாடிகளுக்காகவே இருபது வயது இளைஞர்கள் அதில் ஏறினார்கள் என்பதை எமது மேற்பிரிவு மாணவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை; அவர்களின் அண்ணன்மாருக்கு அந்த வயதுதான்.

பறக்கும் நிலையிலுள்ள லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் இன்று உலகில் இரண்டே உள்ளன. ஒன்று கனடாவிலும் மற்றையது இங்கிலாந்திலும் இருக்கின்றன. இங்குள்ளது அன்று வந்தால், நான்கு மேர்லின் இயந்திரங்களின் ஒலியையும் சேர்த்துக் கேட்கலாம். அதில் எழுவர் பறந்தார்கள். வாற்பகுதிச் சுடுநர் மற்ற அறுவரிடமிருந்து பிரிந்து, கண்ணாடிக் கூண்டுக்குள் குளிரில் தனித்து அமர்ந்திருப்பார். குண்டுவீச்சுப் பிரிவில் பணியாற்றிய ஏறத்தாழ 125,000 பேரில் 55,573 பேர் உயிரிழந்தனர். அவர்கள் வீசிய குண்டுகளால் 1943 யூலையில் ஹம்பேர்க் நகரில் மட்டும் பல்லாயிரக்கணக்கான பொதுமக்கள் எரிந்து மாண்டனர். இவ்விரு செய்திகளையும் ஒன்றாகவே சொல்லும்படி ஆசிரியர்களைக் கேட்டுள்ளேன். கண்காட்சியின் ஒலிபெருக்கி அறிவிப்பாளர் இயல்பாகவே விமானிகளின் வீரத்தைப் பற்றித்தான் பேசுவார். அது அவர் வேலை. விமானத்துக்குக் கீழே இருந்தவர்களைப் பற்றிப் பேசுவது அன்று எமது ஆசிரியர்களின் வேலையாக இருக்கும்.

திருகோணமலையையும் மட்டக்களப்பையும் சேர்ந்த குடும்பங்களுக்கு ஒரு தனிச் செய்தி. டக்ஸ்ஃபோர்டுடன் தொடர்புள்ள பழைய விமானங்களுள் கேட்டலினா என்னும் பறக்கும் படகும் ஒன்று. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, இலங்கையின் தெற்கே கொக்கலையிலிருந்து புறப்பட்ட இவ்வகை விமானம் ஒன்றுதான், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையை முதலில் கண்டது. அதன் தலைவர் லெனார்ட் பேர்ச்சால் என்னும் கனேடியர். வானொலிச் செய்தி அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கும்போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. உயிர்தப்பியவர்கள் போர் முடியும் வரை ஜப்பானியரின் கைதிகளாக இருந்தார்கள். மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பும், 9ஆம் திகதி திருகோணமலையும் தாக்கப்பட்டன. அன்றே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. தொண்ணூறு வயதைக் கடந்த தாத்தாவோ அம்மம்மாவோ உங்கள் வீட்டில் இருந்தால், பிள்ளை அவரிடம் இதைப் பற்றிக் கேட்கட்டும். சுற்றுலாவுக்குப் பின்னர் மாணவர்கள் தமிழில் எழுதவிருக்கும் கட்டுரைக்கு அதைவிடச் சிறந்த தொடக்கம் கிடைக்காது.

அக்கட்டுரை பற்றியும் ஒரு சொல். வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் விமானங்களைப் பற்றிய ஒரு கேள்வியைக் கேட்டு, அதற்குக் கிடைத்த விடையுடன் எழுதுமாறு மாணவர்களைக் கேட்கவுள்ளோம். பேச விரும்பாதவர்கள் பேச வேண்டியதில்லை. "இப்போது வேண்டாம்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடுங்கள். பிள்ளைக்கு வேறு தலைப்புக் கொடுக்கப்படும், புள்ளிகளும் குறைக்கப்படமாட்டா. இளைய பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், எதைச் சொல்வது, எதைப் பின்னாளுக்கு விடுவது என்பதை நீங்களே நன்கறிவீர்கள்.

படைகளில் ஆட்சேர்ப்புக்கான கூடாரங்களும் இத்தகைய கண்காட்சிகளில் இருப்பதுண்டு. எமது மாணவர்களை அவற்றுக்குள் அழைத்துச் செல்வதில்லை என்பது பாடசாலையின் முடிவு. விமானப்படையில் சேர விரும்பும் பிள்ளை பதினாறு வயதுக்குப் பின் உங்களுடன் அமர்ந்து பேசி முடிவெடுக்கட்டும். விளையாட்டுத் துப்பாக்கிகளையும் அன்று வாங்க அனுமதியில்லை. கைச்செலவுக்குச் சிறு தொகையே போதும். அனுபவத்தில் சொல்வதானால், அதுவும் பெரும்பாலும் ஐஸ்கிறீமுக்கே போய்விடும்.

பாதுகாப்புப் பற்றிக் கேட்டவர்களுக்கு: 2015 ஓகஸ்டில் ஷோர்ஹாமில் நடந்த கண்காட்சியின்போது பழைய ஜெற் விமானம் ஒன்று வீதியில் வீழ்ந்து பதினொருவர் இறந்தனர். அதன் பின்னர் இந்நாட்டில் விதிகள் கடுமையாக்கப்பட்டுள்ளன. பார்வையாளருக்கும் சாகசப் பறப்புக்கும் இடையிலான தூரம் அதிகரிக்கப்பட்டது. நாம் நிற்கப்போவது ஏற்பாட்டாளர்கள் வகுத்துள்ள எல்லைக்கு உள்ளேதான். சிறு குழுக்களாகவே மாணவர்கள் நடமாடுவர். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பாக இருப்பார்.

ஒலியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பழைய சுழலி விமானங்களின் ஒலி இனிமையானது என்றே பலரும் சொல்வர். ஆனால் நவீன ஜெற் போர் விமானம் ஒன்று கூடுதல் உந்துவிசைக்கான பின்னெரிப்பை இயக்கி மேலெழுந்தால் நெஞ்சுக்கூடே அதிரும். காதுகவசம் கட்டாயம். ஒலிக்கு அஞ்சும் பிள்ளைகள், தன்மயநிலை (ஓட்டிசம்) உள்ள பிள்ளைகள் ஆகியோரின் பெற்றோர் தயவுசெய்து முன்கூட்டியே வகுப்பாசிரியருடன் பேசுங்கள். பறப்புகள் வழக்கமாகப் பிற்பகலிலேயே தொடங்கும். அவ்வேளையில் அவர்களைக் கொங்கோர்ட் விமானம் நிற்கும் பெருங்கொட்டகைக்குள் ஓர் ஆசிரியருடன் இருத்துவதற்கு ஏற்பாடு செய்துள்ளோம். துணைக்கு வரும் பெற்றோரும் அவ்வாறே உள்ளே இருக்கலாம். காரணம் கேட்கப்படமாட்டாது.

டக்ஸ்ஃபோர்ட் மைதானம் திறந்தவெளி. காற்று தடையின்றி வீசும், நிழல் அரிது. மழையங்கி, தொப்பி, தண்ணீர்ப் போத்தல், நடப்பதற்கேற்ற சப்பாத்து ஆகியன வேண்டும். மதிய உணவை வீட்டிலிருந்தே கொடுத்துவிடுங்கள். இடியப்பமும் சொதியும் வேண்டாம், பேருந்து இருக்கைகளை நினைத்துச் சொல்கிறேன். கட்டுச்சோறோ றோல்ஸோ உகந்தது. எம்11 நெடுஞ்சாலையின் பத்தாவது சந்திக்கு அருகிலேயே தளம் இருப்பதால், கண்காட்சி முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறும்போது வாகன நெரிசல் இருக்கும். திரும்பும் நேரம் பிந்தினால் வகுப்புகளின் வட்ஸ்அப் குழுக்களில் அறிவிப்போம். தொலைபேசியில் தனித்தனியே அழைப்பதைத் தவிருங்கள்.

பிள்ளையை அனுப்ப விரும்பாத பெற்றோர், படிவத்தில் அதற்குரிய பெட்டியில் அடையாளமிட்டுத் திருப்பித் தந்தால் போதும். அப்பிள்ளைகளுக்கு அதே ஞாயிற்றுக்கிழமை பாடசாலை மண்டபத்தில் கட்டுரைப் பயிற்சியும் மதிய உணவும் உண்டு. அனுப்புபவர்கள் கையொப்பமிட்ட சம்மதப் படிவத்தையும், பிள்ளையின் ஒவ்வாமை, மருந்து விபரங்களையும் அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிவதற்குள் வகுப்பாசிரியரிடம் ஒப்படையுங்கள். பேருந்தில் பெற்றோருக்கென ஆறு இருக்கைகள் ஒதுக்கியுள்ளோம். முதலுதவிப் பயிற்சி பெற்றவர்கள் விண்ணப்பித்தால் அவர்களுக்கு முன்னுரிமை.

இவ்வண்ணம்,
தலைமையாசிரியர்