தங்காத பிள்ளைகளைப் பற்றி

சென்னை

அன்புள்ள நண்பா,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். பேத்திக்கு 14 வாரம் நிறைந்ததால், எங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் சென்ற புதன்கிழமை மூன்றாம் தவணைத் தடுப்பூசி போட்டாயிற்று. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் உள்ளிட்ட ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி. அன்றிரவு லேசாகக் காய்ச்சல் இருந்தது, மறுநாள் சரியாகிவிட்டது.

அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் இறந்ததால் பெற்றவர்களுக்கு அது பழகிப்போயிருக்கும் என்று எழுதியிருந்தாய். என்னால் அதை ஏற்க முடியவில்லை. என் பாட்டி பெற்றது ஒன்பது, தங்கியது நான்கு. போனவற்றில் இரண்டைக் கொண்டுபோனது பெரியம்மை. கிண்டி கிங் நிலையத்தில் அம்மைப்பால் என்ற பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாராகிக்கொண்டிருந்த காலம்தான் அது. ஆனாலும் அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு யாரும் வந்து அம்மை குத்தவில்லை. நாட்டைவிட்டே அந்நோய் நீங்க 1975 ஆயிற்று. அடுத்தடுத்துப் பறிகொடுத்த வீட்டில், பிறந்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று வாங்கியதும், குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்புசாமி என்று பெயரிட்டதும், எமன் இதை ஒரு பொருட்டாக எண்ணாமல் விட்டுவிடட்டும் என்றுதானே? மனம் மரத்துப்போனவர்களா இத்தனை பாடுபடுவார்கள்?

வயிற்றுப்போக்கை நினைத்தால்தான் எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது. பேதி நிற்கட்டும் என்று, தாகத்தில் அழுத பிள்ளைக்குத் தண்ணீர் தராமல் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு காத்திருந்த தாய்மார் எத்தனை பேர்! சர்க்கரை சேர்ந்தால் குடல் உப்பை உறிஞ்சும், உப்போடு நீரும் உள்ளே போகும். இந்த உண்மையை நம்பி, 1971இல் வங்க அகதிகள் முகாமில் சிரை வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு சர்க்கரைக் கரைசலை உறவினர்கள் கையாலேயே கொடுக்க வைத்து, காலரா நோயாளிகள் பலரைப் பிழைக்க வைத்தார். அதைப் படிக்கும்போதெல்லாம் பாட்டியின் நினைவுதான் வருகிறது.

2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் பிறக்கும் 1000 குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பவை 13. இது பெரிய வெற்றிதான். ஆனால் இன்று பிள்ளையை இழப்பவர்கள் முன்னைவிடத் தனித்துப்போகிறார்கள். எங்கள் குடியிருப்பில் ஒரு தம்பதியின் மகன் இரத்தப் புற்றுநோயில் இறந்தான். என்ன பேசுவதென்று தெரியாமல் பலரும் அந்த வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்கள். பாட்டியின் தெருவில் அந்தத் துயரத்தை அறியாத பெண்ணே இருந்திருக்க மாட்டாள். நானும் மனைவியும் ஞாயிறுதோறும் போய் வருகிறோம். அவன் பெயரைச் சொல்லிப் பேசினால் அந்தத் தாய் முகம் மலர்கிறாள். அடுத்த மாதம் நீ வரும்போது உன்னையும் அழைத்துப் போகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்