செப்புத் திருமேனிகளின் முன் நின்று பேசுங்கள்

தமிழ்நாட்டு அருங்காட்சியகங்களில் செப்புத் திருமேனிக் கூடங்களின் பொறுப்பில் உள்ளோருக்கும், வரலாறு, கல்வெட்டியல், உலோகவியல், நாட்டியம் ஆகிய துறைகளின் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு இடபவாகனரை, காளையின் மேல் கையூன்றி நிற்கும் சிவனின் செப்புத் திருமேனியை, தாங்கள் அனைவரும் அறிவீர்கள். சடையைத் தலைப்பாகைபோலச் சுற்றிக்கொண்டு, கால்களைக் குறுக்கே வைத்து, ஒரு கையை ஊன்றியபடி நிற்கிறார். அந்தக் கை ஊன்றியிருந்த காளை இன்று இல்லை. இருந்தும் உடல் சாய்ந்திருக்கும் விதத்திலிருந்தே காளையின் உயரத்தை நாம் ஊகித்துவிட முடிகிறது. திருமேனி 1011-ஆம் ஆண்டையும், அருகில் உள்ள தேவி அதற்கடுத்த ஆண்டையும் சேர்ந்தவை என்று திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டுகளைக் கொண்டு கணித்திருக்கிறார்கள். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் இவ்வளவு திட்டமாக ஆண்டு சொல்லக்கூடியவை மிகவும் குறைவு.

இந்த ஒரு திருமேனியைப் பற்றிக் கல்வெட்டறிஞர் சொல்வது ஒன்று. வார்ப்புக் கலையை வழிவழியாகக் கற்ற சுவாமிமலை ஸ்தபதி சொல்லக்கூடியது வேறு. உடலின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பதை நாட்டியக் கலைஞர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். உலாவுக்கு எழுந்தருளும் மூர்த்தியைப் பட்டும் மாலையும் மறைத்த பிறகு அடியார் கண்ணுக்கு எது தெரிந்திருக்கும் என்பதைக் கோயில் வழிபாட்டை அறிந்தவர்தான் சொல்ல முடியும். இவர்கள் நால்வரும் தத்தம் கருத்தரங்குகளில், தத்தம் ஆய்விதழ்களில் பேசுகிறார்கள். ஒரே திருமேனியின் முன் சேர்ந்து நின்று, ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்துப் பேசும் வாய்ப்புத்தான் அரிதாக இருக்கிறது. அந்த வாய்ப்பை உருவாக்கித் தர வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்.

கருத்து வேறுபாடு இருக்கும் இடத்தில்தான் இதன் பயன் அதிகம். ஆடவல்லானின் (நடராசரின்) செப்புத் திருமேனிகள் பத்தாம் நூற்றாண்டில், சோழ அரசி செம்பியன் மாதேவியின் காலத்தை ஒட்டிப் பெருகின என்பது கலை வரலாற்றாளர் பலரின் கணிப்பு. உலோகத்தில் கலந்துள்ள ஈயத்தின் ஐசோடோப்பு விகிதங்களை (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களின் விகிதங்களை) ஆராய்ந்த உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன், சோழர் காலத்தவை என்று கருதப்பட்டவற்றில் சில பல்லவர் காலத்துக்கு உரியவையாக இருக்கலாம் என்று வாதிட்டிருக்கிறார். பாணியைப் பார்த்துச் சொல்லும் காலமும் உலோகம் காட்டும் காலமும் ஒத்துப்போகாதபோது, பெயர்ப்பலகையில் ஒரு நூற்றாண்டை மட்டும் எழுதி முடித்துவிடுவது பார்வையாளருக்குச் செய்யும் நியாயமன்று என்று நான் கருதுகிறேன். இரண்டையும் எழுதுங்கள், ஏன் வேறுபடுகின்றன என்பதையும் இரண்டு வரியில் சொல்லுங்கள். நம் மக்கள் பட்டிமன்றத்தைப் பொறுமையாகக் கேட்டுப் பழகியவர்கள்.

செம்புத் தாது காவிரிப் படுகையில் கிடைப்பதில்லை. அப்படியிருக்க இத்தனை திருமேனிகளுக்கும் உலோகம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி, வணிக வரலாற்றாளரையும் உலோகவியலாரையும் ஒரே மேசைக்கு அழைக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளோ, அங்கே எழுந்தருளுவித்த திருமேனிகளின் உயரத்தை முழத்திலும் விரலிலும் கணக்கிட்டு, கைகள் எத்தனை, சடையில் கங்கை இருக்கிறாளா, காலடியில் முசலகன் என்ற குள்ள அசுரன் கிடக்கிறானா என்பது வரை பதிந்து வைத்திருக்கின்றன. கோயில் கணக்கர்கள் இக்காலக் காப்பாட்சியர்களைக் காட்டிலும் கண்டிப்பானவர்கள் என்றுகூடத் தோன்றும். அந்த வரிகளை ஒருவர் உரக்கப் படிக்க, ஸ்தபதி ஒருவர் அளவுகோலோடு அருகில் நின்றால், எந்தக் கட்டுரையிலும் வராத கேள்விகள் எழும்.

நான் சென்றிருந்த ஒரு கருத்தரங்கில், "பல்துறை உரையாடல்" என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தும், ஆறு பேர் ஆறு கட்டுரைகளை வாசித்தார்கள். கேள்வி நேரம் தேநீருக்குப் போய்விட்டது. அரங்கில் ஒரு திருமேனியின் நிழற்படம்கூட இல்லை. அதனால்தான் உரையாடல் கூடத்துக்குள்ளேயே, பொருளின் முன்னிலையில், கட்டுரை வாசிப்பு இன்றி நடக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். ஸ்தபதியையும் ஓதுவாரையும் இறுதியில் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல், அறிஞர்களுக்குச் சமமாக அமர வைத்து, அவர்களுக்கும் அதே மதிப்பூதியம் வழங்க வேண்டும். பேச்சு முழுவதும் தமிழில் பதிவாக வேண்டும். புதிய காட்சி ஒன்றைத் திட்டமிடும்போது, பெயர்ப்பலகைகள் அச்சுக்குப் போகும் முன்பே இது நடந்தால்தான் பேசியதில் ஏதேனும் சுவருக்கு வந்து சேரும்.

திருவெண்காட்டுத் தொகுதியிலிருந்தே தொடங்கலாம். ஆண்டு தெரிந்த திருமேனிகள் என்பதால் காலம் பற்றிய சண்டை குறைவாக இருக்கும். காணாமற்போன காளையைப் பற்றி எல்லாத் துறையினரும் பேசலாம்.

இங்ஙனம்,
கூடங்களுக்கு அடிக்கடி வந்துபோகும் பார்வையாளர் ஒருவர்